மேசைமேல் எழுந்த நகரம்: போர் விளையாட்டுகளில் நகர்க் காட்சியமைப்பின் வளர்ச்சி

முன்னுரை

சிறு பொம்மை வீரர்களை அளவுகோல், பகடை, எழுதப்பட்ட விதிகள் ஆகியவற்றின் துணையோடு நகர்த்தி ஒரு சண்டையை ஆடிப் பார்ப்பதே மேசைப் போர் விளையாட்டு. ஐரோப்பாவில் இராணுவப் பயிற்சியாகப் பிறந்த இது, இருபதாம் நூற்றாண்டில் பொழுதுபோக்காகப் பரவியது. இதைப் பற்றிப் பேசும்போது விதிகளும் வீரர்களுமே முன்னுக்கு வருகின்றனர். அவர்கள் நிற்கும் தெரு, பதுங்கும் சுவர், ஏறும் மாடி ஆகியவை வெறும் பின்னணியாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால் இன்று ஆடுவோர் ஒரு வீட்டைக் கட்டவும் வண்ணம் தீட்டவும் செலவிடும் உழைப்பு, வீரர்களுக்குச் செலவிடும் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

காரை பெயர்ந்த சுவர், கரி படிந்த சன்னல், பாதியில் முறிந்த மாடி எனத் தத்ரூபமாக நிற்கும் இந்த நகரம் எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கைத்திறன் வளர்ந்தது என்பது இதற்குப் பாதி விடை. மீதிப் பாதி விதிகளில் இருக்கிறது. 'வீரன் வீட்டுக்கு உள்ளே இருக்கிறானா, வெளியே இருக்கிறானா? எந்த மாடியில் இருக்கிறான்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையே அக்காலத்து மாதிரி வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. நிறமாக இருந்த ஊர்

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த யோகான் கிறிஸ்டியன் லூட்விக் ஹெல்விக், சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை உருவாக்கி 1780இல் நூலாக வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட அப்பலகையில் நிலத்தின் தன்மையை நிறமே அறிவித்தது. மலைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம் என்ற வரிசையில் கட்டடங்களுக்கும் தனி அடையாளம் இருந்தது. ஊர் என்பது இங்கே நகர்வைத் தடுக்கும் ஒரு கட்டம் மட்டுமே.

கட்டங்களை விட்டு வெளியேறியவர் பிரஷ்யாவின் கேயோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ். அவர் 1812இல் அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்கு அளித்த கருவி, இழுப்பறைகள் கொண்ட ஒரு பெரிய மேசை. சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டிய நிலத்துண்டுகளை அதன்மேல் விருப்பப்படி மாற்றி அடுக்கலாம். படைகளைக் குறிக்கப் பீங்கான் காய்கள் இருந்தன. பெர்லினின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் இம்மேசை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. துண்டு துண்டாகச் செய்து, ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி அடுக்கும் இன்றைய காட்சியமைப்பு முறையின் முன்னோடி இதுவே.

அவருடைய மகன் 1824இல் இந்த ஆட்டத்தை மேசையிலிருந்து 1:8000 அளவிலான நிலவரைபடத்துக்கு மாற்றினார். தளபதி மியூஃப்ளிங்கின் ஆதரவுடன் அது பிரஷ்யப் படைப்பிரிவுகளுக்குள் பரவியது. இந்த மாற்றத்தால் ஆட்டம் துல்லியம் பெற்றது. கட்டடமோ உருவம் இழந்தது. 10 மீட்டர் அகல வீடு அந்த வரைபடத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். படைப்பிரிவுகளை நகர்த்தும் அதிகாரிக்கு அதுவே போதும். ஒரு தனி வீரன் எந்தச் சன்னலில் நிற்கிறான் என்பது அவர் கேட்கும் கேள்வி அன்று.

2. அளந்து செய்த நகரம்

விளையாட்டுக்கு வெளியே, நகரத்தைச் சிறிதாக்கிக் காட்டும் கலை அதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டிருந்தது. பதினான்காம் லூயியின் போர் அமைச்சர் லூவ்வா 1668இல் தொடங்கி வைத்த பிரெஞ்சுக் கோட்டை நகர மாதிரிகள் இதற்குச் சான்று. 1:600 அளவில் மரம், தாள், பட்டு, மணல் ஆகியவற்றால் செய்யப்பட்ட இவற்றில் மதில்களோடு தெருக்களும் வீடுகளும் சுற்றுவட்டார வயல்களும் இடம்பெற்றன. முற்றுகையைத் திட்டமிட உதவும் இராணுவ ஆவணங்கள் என்பதால் இவை மறைவாகவே வைக்கப்பட்டன. 1777இல் லூவ்ர் அரண்மனையிலிருந்து பாரிஸின் அன்வலீத் வளாகத்துக்கு மாற்றப்பட்டு, இன்று அங்கே அருங்காட்சியகமாக உள்ளன. ஒரு பகுதி லீல் நகரில் இருக்கிறது.

ஆங்கிலேய அதிகாரி வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூ களத்தை மாதிரியாக்கியது இன்னொரு மைல்கல். அவர் லா ஏ சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டினார். அந்த மாதிரி 1838இல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இதே மரபு மெட்மெனம் விமானப்படைத் தளத்தில் தொடர்ந்தது. வான்வழி நிழற்படங்களை வைத்து இலக்குகளின் மாதிரிகளை அங்கே செய்து, தாக்குதலுக்குச் செல்வோருக்குக் காட்டினர்.

இவையெல்லாம் பார்த்துத் திட்டமிடச் செய்தவை. காய் நகர்த்தி ஆடச் செய்தவை அல்ல. ஆகவே துல்லியமான நகர மாதிரியும் ஆடத்தக்க போர் விளையாட்டும் நூறாண்டுக்கும் மேலாகத் தனித்தனிப் பாதைகளில் சென்றன. அவை எப்போது, எதனால் சந்தித்தன என்பதே இந்த வரலாற்றின் மையம்.

3. வெல்ஸின் கெட்டி வீடு

புனைகதையாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1911இல் 'ஃப்ளோர் கேம்ஸ்', 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற இரு சிறு நூல்களை வெளியிட்டார். முதல் நூல் மரக்கட்டைகளால் தரையில் தீவுகளையும் நகரங்களையும் கட்டி ஆடுவதைப் பற்றியது. இரண்டாவது பொம்மை வீரர் போருக்கு விதி வகுத்தது. சுருள்வில்லால் மரக்குண்டை எறியும் பொம்மைப் பீரங்கியே அவருடைய ஆட்டத்தின் ஆயுதம். குண்டு பட்டு விழுந்தவன் இறந்தவன். அங்கே வீடு என்பது உண்மையான அடியைத் தாங்க வேண்டிய பொருள்.

வெல்ஸும் நண்பர்களும் முதலில் புத்தகங்களையும் கையில் கிடைத்த பொருள்களையும் குவித்துக் குன்றுகளாக்கினர். பின்னர் வீடுகளை மடித்துச் செய்து, அவற்றின்மேல் கதவு, சன்னல், கொடிகள் வரை வரைந்தனர். அந்த வீடுகள் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு. உள்ளே இடம் இருந்தால் வீரன் உள்ளிருக்கிறானா, வெளியிலா என்ற சச்சரவு எழும். கெட்டி வீட்டுக்கு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்ற இரு நிலைகள்தான். இவ்வாறு வீட்டுக்கு முகம் கிடைத்தது. உட்புறம் இன்னும் கிடைக்கவில்லை. சுவர்மேல் தீட்டிய சன்னல் அழகுக்காக இருந்தது. அதன் வழியே எவரும் சுட முடியாது.

4. அளவு முரணும் ரயில் மாதிரியாளர் தந்த கைவினையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்கு இயக்கமாகத் திரண்டது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 'வார் கேம்ஸ்' 1962இலும் சார்ல்ஸ் கிராண்டின் 'தி வார் கேம்' 1971இலும் வெளிவந்து ஒரு தலைமுறையைப் பயிற்றுவித்தன. அவர்களை வாட்டிய சிக்கல் அளவு சார்ந்தது. 28 மில்லிமீட்டர் உயர வீரன் ஏறத்தாழ 1:60 அளவினன். அவனுக்கேற்ப 10 மீட்டர் அகல வீட்டைச் செய்தால் அது 17 சென்டிமீட்டர் வரும். மேசையின் நில அளவை 1:1000 என்று வைத்தால் அந்த ஒரே வீடு 170 மீட்டர் நிலத்தை விழுங்கிவிடும். சில டஜன் வீரர் ஒரு பட்டாளத்தைக் குறிப்பது போல, இரண்டு மூன்று வீடுகள் ஓர் ஊரைக் குறிக்கும் என்ற உடன்பாடே தீர்வானது. வீடுகளை வீரர்களின் அளவைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்வதும் வழக்கமாயிற்று. நகரம் இங்கே சின்னமாகவே நின்றது.

கைவினையோ வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரயில் மாதிரி செய்வோர் நிலையங்களையும் தெருக்களையும் அளந்து செய்யும் வழிகளை முன்பே கண்டறிந்திருந்தனர். ஜான் ஆஹெர்ன் 1950இல் சிறு கட்டடங்கள் செய்வது பற்றித் தனி நூலே எழுதினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட், மறைந்துகொண்டிருந்த ஆங்கிலக் கிராம வீடுகளை 1:76 அளவில் அட்டையால் செய்து காப்பாற்ற முனைந்தார்; 1954இல் அவர் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம் அப்பணியை இன்றும் தொடர்கிறது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து விற்ற மலிவான பிளாஸ்டிக் வீரர்களும் ரயில்பாதை ஓரக் கட்டடங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்ததால், ரயில் மேசையின் வீடு போர் மேசைக்கு எளிதாக இடம்பெயர்ந்தது. அதனுடன் செங்கல் வரிசையைக் கீறும் முறையும், மழைக்கறையைத் தீட்டும் முறையும் வந்து சேர்ந்தன.

5. கூரை திறந்த காலம்

இரு பாதைகளும் சந்தித்தது, ஒரு பொம்மை ஒரே ஒரு மனிதனைக் குறிக்கும் சிறுமோதல் ஆட்டங்கள் தோன்றியபோதுதான். பிரிஸ்டல் நகரக் குழு ஒன்று 1970இல் அமெரிக்க மேற்குப் பகுதித் துப்பாக்கிச் சண்டைகளுக்கு வெளியிட்ட விதிகள் இதில் முன்னோடி. ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் திறனும் உண்டு என்றான பின், அவன் மதுக்கடையின் எந்த மூலையில் நிற்கிறான் என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. நில அளவையும் வீரன் அளவும் ஒன்றானதால் பழைய முரண் மறைந்தது. வெல்ஸ் மூடி வைத்த உட்புறம் திறக்கப்பட்டது.

நகரச் சண்டையின் வரலாறும் இதையே கேட்டது. 1942இல் ஸ்டாலின்கிராடில் பாவ்லோவ் வீடு போன்ற ஒற்றைக் கட்டடங்களே போர்முனைகளாயின. 1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்ட்டோனா நகரில் கனடிய வீரர்கள் தெருவில் இறங்காமல், வீட்டுக்கு வீடு சுவரை உடைத்து முன்னேறினர். இத்தகைய சண்டையைக் கெட்டி வீடுகளால் ஆட முடியாது. உடைக்கத்தக்க சுவரும் கடக்கத்தக்க அறையும் வேண்டும்.

இங்கேதான் இடிபாடு மேசையை ஆளத் தொடங்கியது. முழுக் கட்டடம் என்றால் கூரையையும் ஒவ்வொரு மாடியையும் கழற்றி வைக்க வேண்டும், வீரர்கள் கண்ணுக்கு மறைவர், கை நுழையாது. ஒரு மூலையில் சந்திக்கும் இரு சுவர்களும் அவற்றைப் பற்றி நிற்கும் அரைத் தளங்களும் இந்தத் தடைகளையெல்லாம் நீக்கிவிடுகின்றன. 1:60 அளவில் 3 மீட்டர் மாடி 5 சென்டிமீட்டர்தான் என்றாலும், விரல்கள் புகுவதற்காகவும் வீரனின் அடித்தட்டு உயரத்துக்காகவும் 7 சென்டிமீட்டர் வரை உயர்த்துவர். மெய்ம்மையும் கையின் வசதியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் வெளியீடுகளில் இவ்வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம். 1988இல் வந்த 'அடெப்டஸ் டைட்டானிகஸ்' பெட்டியில் வார்ப்பு நுரையாலான முழுக் கட்டடங்கள் இருந்தன. அவை மறைவிடங்கள் மட்டுமே. 1995இன் 'நெக்ரோமுண்டா' அட்டைத் தளங்களையும் பிளாஸ்டிக் தூண்களையும் கொண்டு பல அடுக்குகளில் ஏறி இறங்கும் நகரைத் தந்தது. 1999இன் 'மோர்ட்ஹைம்' அழிந்த நகரம் ஒன்றையே களமாக்கியது. பதினோரு ஆண்டுகளில் கட்டடம் தடுப்பிலிருந்து தளமாகவும், தளத்திலிருந்து கதையின் இடமாகவும் வளர்ந்தது.

6. வண்ணம் சொல்லும் வரலாறு

சிறு மாதிரிக்கு வண்ணம் தீட்டுவதில் ஓர் அடிப்படைத் தடை உண்டு. உண்மைச் சுவரில் ஒவ்வொரு செங்கல் விளிம்பும் வெயிலில் நிழல் வீழ்த்தும். மாதிரியில் அந்த விளிம்பு ஒரு கீறல்தான். அறை விளக்கில் அது தெரியாது. எனவே ஒளியையும் நிழலையும் தூரிகையே உண்டாக்க வேண்டும். கருமையான அடிப்பூச்சு, நீர்த்த கருஞ்சாயத்தைப் பள்ளங்களில் தேங்க விடுதல், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வெளிர்நிறத்தில் வருடுதல் ஆகிய மூன்றும் இதன் ஆதாரம். பெல்ஜியத்தின் ஃபிரான்ஸ்வா வெர்லிண்டன், அமெரிக்காவின் ஷெப் பெயின் போன்ற காட்சிப்பேழைக் கலைஞர்கள் 1970களிலும் 80களிலும் இம்முறைகளைப் பலரறியச் செய்தனர். எண்ணெய் சார்ந்த எனாமல் வண்ணங்களின் இடத்தை விரைவில் காயும் அக்ரிலிக் பிடித்தபோது, ஒரே மாலையில் பல அடுக்குகள் தீட்டுவது எளிதாயிற்று.

ஆனால் நல்ல வண்ணத்தின் தரம் உத்தியைவிடக் கவனிப்பில் இருக்கிறது. மழைக்கறை சன்னல் விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கும். ஈரம் சுவரின் அடியிலிருந்து மேலேறும். தீப்பற்றிய அறையின் கரி, சன்னலுக்கு மேலேதான் படியும். புதிதாக உடைந்த செங்கல், பல ஆண்டு புகை படிந்த வெளிமுகத்தைவிடத் துலக்கமாக இருக்கும். இடிந்து குவிந்த கல்லும் மரமும் அந்தச் சுவரும் கைமரமும் எதனால் ஆனவையோ அவற்றாலேயே ஆகியிருக்க வேண்டும். இவற்றை அறிந்து தீட்டியவரின் சுவரில் கட்டப்பட்ட காலம், வாழ்ந்த காலம், இடிந்த நாள் ஆகிய மூன்றும் தனித்தனியே படிக்கக் கிடைக்கும்.

7. பொருளும் கருவியும்

பால்சா மரம், அட்டை, சாந்து என்று தொடங்கிய பொருள்வரிசையில் பின்னர் தெர்மோகோலும் அதைவிட நெருக்கமான நுரைப்பலகையும் சேர்ந்தன. பின்னதைப் பேனாமுனையால் அழுத்தினாலே கல்வரிசை பதியும். கரைப்பான் கலந்த தெளிப்பு வண்ணம் நுரையை அரித்துவிடும் என்பதால் முதலில் பசையும் வண்ணமும் கலந்து பூசி மூடுவர். 2010ஐ ஒட்டி லேசரால் வெட்டிய எம்.டி.எஃப். பலகை வீடுகள் கழற்றத்தக்க மாடிகளுடன் சந்தைக்கு வந்தன. முப்பரிமாண அச்சுப் பொறிகள் வீடுகளுக்குள் நுழைந்ததும், ஒரே கோப்பிலிருந்து உலகெங்கும் ஒரே தெருவை அச்சிட முடிந்தது. கட்டுவதன் உழைப்பு குறைந்தது. ஆகவே தனித்தன்மையின் சுமை முழுவதும் வண்ணத்தின்மேல் விழுந்துள்ளது.

முடிவுரை

ஹெல்விக்கின் நிறக் கட்டம், வெல்ஸின் கெட்டி வீடு, கிராண்ட் தலைமுறையின் சின்னமாக நின்ற ஊர், இன்றைய திறந்த இடிபாடு ஆகிய நான்கும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலம் தந்த விடைகள். ஆட்டம் படைப்பிரிவிலிருந்து தனிமனிதனுக்கு இறங்க இறங்க, வீட்டின் சுவர் விலகி உள்ளறை வெளிப்பட்டது. மெய்ம்மை என்று நாம் வியப்பது, விதியின் தேவையிலிருந்து பிறந்து கைவினையால் நிறைவு பெற்ற ஒன்று.

இந்த முடிவுக்கு ஒரு கடமையும் உண்டு. மேசை நகரம் எப்போதும் இடிந்தே கிடப்பது கை நுழைவதற்காக ஏற்பட்ட வசதி. அந்த வசதி, குடியிருந்தவர்களைக் காட்சியிலிருந்து அகற்றிவிட்டது. போர்க்கால நிழற்படங்களில் பிளந்த வீடுகள் அறைக்கு அறை வேறுபட்ட சுவர்த்தாளையும் மாடியில் தொங்கும் அடுப்பையும் காட்டுகின்றன. யாரோ தேர்ந்தெடுத்து ஒட்டிய தாள் அது, யாரோ குளிர்காய்ந்த அடுப்பு அது. மாதிரியிலும் அவை இருக்க வேண்டும். குடிமக்கள் தெருவில் இருந்தால் எங்கே சுடக்கூடாது என்பதை விதிகளும் சொல்ல வேண்டும். விதி வீட்டின் வடிவத்தை மாற்றியதை இந்த வரலாறு காட்டுகிறது. வீட்டைக் கட்டுவோர் அதே வழியில் விதியையும் மாற்றலாம்.