பார்ப்பவர் ஒருவர், துடைப்பவர் வேறொருவர்

டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். பெயரிலேயே தண்ணீர் சொட்டுகிறது! அங்கே மெலிண்டா பல்லார்டு என்ற பெண்மணிக்கு 22 அறைகள் கொண்ட மாளிகை. 1998ல் குழாய் கசிந்து மரத்தரை உப்பிக்கொண்டது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வந்தது, பார்த்தது, கடிதம் எழுதியது, மறுபடி பார்த்தது. அதற்குள் சுவருக்குள்ளே கறுப்பாகப் பூசணம் பிடித்துவிட்டது.

அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் செங்கல் கிடையாது. மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. நனைந்த காகிதம் பூசணத்துக்கு விருந்துச் சாப்பாடு மாதிரி. 1999ல் குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

2001 ஜூனில் ஜூரி தீர்ப்பு: இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி 3 கோடியே 20 லட்சம் டாலர் தரவேண்டும். ‘விஷப் பூசணத்துக்கு விலை’ என்கிற ரீதியில் நாடே பேசியது. உண்மையில் பூசணத்தால் நோய் வந்தது என்ற சாட்சியத்தை நீதிபதி ஜூரியிடம் போகவே விடவில்லை. தண்டனை, கம்பெனி இழுத்தடித்ததற்கு. 2002 டிசம்பரில் அப்பீலில் தொகை சுமார் 40 லட்சமாகச் சுருங்கியது. அது யார் காதிலும் விழவில்லை.

பயம் பரவினால் வியாபாரம் சும்மா இருக்குமா? ஒரு டார்ச் லைட்டும் விசிட்டிங் கார்டும் இருந்தால் போதும், பூசண நிபுணர். வருவார், முகர்வார், ‘ஐயோ’ என்பார். சுவரைப் பெயர்க்கும் கான்ட்ராக்டும் அவருக்கே. எவ்வளவு பூசணம் இருந்தால் ஆபத்து என்பதற்கு வாஷிங்டன் அரசு அளவுகோல் எதுவும் வகுக்கவில்லை. அவர் சொன்னதுதான் அளவு.

2003ல் டெக்சாஸ் சட்டம் போட்டது. 2005 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் கட்டாயம். பயிற்சி, பரீட்சை, கட்டணம் எல்லாம் வழக்கமான சமாசாரம். உயிர்நாடி வேறு. ஒரு வீட்டில் சோதனை செய்தவர் அதே வீட்டில் நீக்கும் வேலையைச் செய்யக் கூடாது. ஒரே ஆள் இரண்டு கம்பெனியிலும் பங்கு வைத்துக்கொண்டு விளையாடவும் கூடாது. முதலாமவர் என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதித் தருவார். இரண்டாமவர் அதன்படி வேலை செய்வார். சோதிப்பவர் திரும்ப வந்து ‘சுத்தம்’ என்றால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

பி.காம். படித்தவனுக்கு இது முதல் வருடப் பாடம். கணக்கு எழுதுபவரே ஆடிட்டராக இருக்கக் கூடாது. இதே டெக்சாஸில், ஹூஸ்டனில்தான், 2001 டிசம்பரில் என்ரான் கவிழ்ந்தது. ஆடிட் செய்த ஆர்தர் ஆண்டர்சனே அங்கே ஆலோசனை சொல்லியும் சம்பாதித்துக்கொண்டிருந்தது. பாஸ்டன், நியூயார்க் பங்குதாரர்கள் வரை பணத்தை இழந்தார்கள். பூசணத்தில் இழப்பது ஒரு குடும்பத்தின் வீடு.

25 சதுர அடிக்குக் குறைவாகப் படர்ந்திருந்தால் நீக்க லைசென்ஸ் வேண்டாம். இந்த விலக்கு நியாயமானது. குளியலறை மூலைக்கெல்லாம் நிபுணரைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. வேலை முடிந்தால் உரிமையாளருக்குச் சான்றிதழ் உண்டு. வீட்டை விற்கும்போது கடைசி ஐந்து வருடத்துச் சான்றிதழ்களை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். அது இருந்தால், பழைய பூசணத்தைக் காரணம் காட்டி இன்ஷ்யூரன்ஸை மறுக்க முடியாது. பல்லார்டு வழக்கின் காயம் இங்கேதான் தெரிகிறது.

சாண்டி புயலில் நனைந்த நியூயார்க், 2016ல் இதே பிரிவினையோடு லைசென்ஸைக் கொண்டுவந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. டெக்சாஸில் முதலில் சுகாதாரத் துறையிடம் இருந்த இந்த லைசென்ஸ், 2017 நவம்பரில் வேறு இலாகாவுக்கு மாறியது. முடிவெட்டுபவர்களுக்கும் எலெக்ட்ரீஷியன்களுக்கும் லைசென்ஸ் தரும் அதே இலாகா.