கடனும் காணிக்கையும்

1910 ஜூனில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து போனவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது முப்பத்தைந்து. வெள்ளை மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே சரிசமமான நட்பு இல்லை என்று அவர் மேடையிலேயே சொன்னார். மிஷனெரிகள் செய்த தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை என்றும் நன்றி பாராட்டும் என்பதையும் சொன்னார். சொல்லிவிட்டு, பொருளும் உழைப்பும் தந்தவர்கள் நட்பையும் தர வேண்டும் என்று கேட்டார். அரங்கில் பலர் முகம் சுளித்தார்கள். வாங்கித் தின்றவன் வாயைத் திறக்கலாமா என்பதுதான் அந்தச் சுளிப்பின் பொருள். அசரியா நன்றி மறந்து பேசவில்லை என்பது என் கட்சி. அதற்கு முந்தைய எழுபது எண்பது ஆண்டுகளில் நெல்லைச் சபைகள் ஒரு பழக்கத்தை வளர்த்திருந்தன. மனிதருக்குப் பட்ட கடனைக் கடவுளுக்குச் செலுத்தும் காணிக்கையாக மாற்றி, அதன் வழியே தாங்களும் கொடுப்பவர்களாக நிமிர்வது அது. அப்படி நிமிர்ந்தவர்களின் குரலே எடின்பரோவில் கேட்டது.

இந்தப் பழக்கத்தின் வேர் முதல் நூற்றாண்டு வரை போகிறது. ரோம சமுதாயத்தில் உபகாரம் என்பது ஒரு பிடி. பெரியவர் ஒருவர் உதவினால், வாங்கியவர் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், ஊரில் அவர் புகழ் பாட வேண்டும். கொடுப்பதும் பெறுவதும் எப்படி என்று ஏழு புத்தகங்களாக ரோமத் தத்துவஞானி செனெகா எழுதும் அளவுக்கு அது பெரிய விவகாரம். ஏறக்குறைய அதே காலத்தில் சிறையிலிருந்த பவுலுக்குப் பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் பணம் கொடுத்தனுப்பினார்கள். பவுலின் பதிலைப் படித்தால் விசித்திரமாக இருக்கும். சந்தோஷப்படுகிறார், அவர்களுடைய பழைய உதவிகளையும் நினைவுகூர்கிறார்; ஆனால் நேராக ‘உங்களுக்கு நன்றி’ என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. குறைவிலும் நிறைவிலும் தனக்கு மனநிறைவுண்டு என்கிறார். அவர்கள் தந்தது கடவுளுக்கு ஏற்ற பலி, கைம்மாறு செய்பவர் கடவுளே என்று முடிக்கிறார். பெற்ற உதவியை அவர் மறைக்கவில்லை. பிடியை மட்டும் நாசூக்காகக் கழற்றிவிடுகிறார்.

நெல்லையில் இந்தப் பிடி இறுக்கமாகவே இருந்தது. பனையேறிகளும் கூலிக்காரர்களும் சபையில் சேர்ந்தபோது நிலக்கிழார்களும் சாதிக்காரர்களும் ஊரைவிட்டு விரட்டியதுண்டு. மனு எழுதவும், பள்ளி நடத்தவும், நிலம் தேடித் தரவும் மிஷனெரியே முன்னின்றார். மிஷனெரி ரேனியஸ் 1830இல் தொடங்கிய தர்ம சங்கம், கிறிஸ்தவர்கள் பயமின்றிக் குடியிருக்க நிலம் வாங்குவதற்காக ஏற்பட்டது. 1877-78 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிகளும் தானிய உதவியும் வந்தன, ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள், ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏச்சும் கிடைத்தது. ஐயா கொடுத்தார், நாம் வாங்கினோம் என்பதோடு கதை முடிந்திருந்தால் பழைய பண்ணையாருக்குப் பதில் புதிய பண்ணையார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். லண்டனில் மிஷன் சங்கச் செயலாளராக இருந்த ஹென்றி வென், சபைகள் தங்கள் போதகருக்குத் தாங்களே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதற்காகத்தான். (சிக்கனக் கணக்கும் அதில் இருந்தது.) ஆனால் பணப்புழக்கமே இல்லாத பனங்காட்டுக் குடும்பம் எதைக் கொடுக்கும்?

பொருளாகக் கொடுத்தது. சோறு பொங்கும்போது உலைக்கென்று அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வீட்டம்மா தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். நிறைந்ததும் அது கோவிலுக்குப் போகும். பதநீர் காய்ச்சும் பருவத்தில் கருப்பட்டி, அறுவடையில் நெல், தோட்டத்து முதல் வாழைத்தார், கால் கட்டிய கோழி எல்லாம் ஸ்தோத்திரப் பண்டிகையன்று பீடத்துக்கு முன்னே குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒருதரம், ரெண்டுதரம் என்று கூவும்போது சந்தையில் நாலு காசு பெறாத எலுமிச்சம்பழம் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. பிறகு அசனம் என்ற பொதுச் சாப்பாடு, கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே பந்தி. முதற்பலன் கூடையைப் பற்றிய உபாகமச் சட்டமும், படைத்தபின் லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து மகிழச் சொல்லித்தான் முடிகிறது.

இதெல்லாம் இங்கிலாந்துச் சரக்கு என்பார்கள். கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவான ஹாக்கர் 1843இல் நடத்திய அறுப்பு ஆராதனைதான் ஆங்கிலத் திருச்சபையின் இன்றைய அறுப்புப் பண்டிகைக்கு முன்னோடி என்பது உண்மைதான். ஆனால் அங்கே விளைச்சலை அடுக்கி அலங்கரித்துப் பாட்டுப் பாடியது பெரும்பாலும் சொந்தமாகப் போதகர் சம்பளம் கட்டத் தேவையில்லாத சபை. இங்கே அந்தக் குவியல்தான் போதகரின் சம்பளம். பெயர் ஒன்று, வேலை வேறு. ஊர்க் கோவில் கொடைவிழாவின் சாயல் இருக்கிறதே என்ற எதிர்ப்பக்கக் குற்றச்சாட்டையும் மறுக்கத் தேவையில்லை. விளைந்ததை ஊரறியக் கொடுத்துவிட்டுச் சேர்ந்து உண்பதற்கு இந்த மண் யாரிடமும் பாடம் கேட்கவில்லை.

கடினமான ஆட்சேபம் வேறு. இடக்கை அறியாமல் கொடு என்றவரின் சபையில் பெயர் கூவி ஏலம் விடலாமா? ஏலத்தில் மார்தட்டுகிற பணக்காரரும், கையைப் பிசைந்து நிற்கிற ஏழையும் எல்லா ஊரிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தும், ‘வாங்கித் தின்றவர்கள்’ என்று ஊரே பெயர் வைத்த மக்களுக்கு, ‘இன்னார் கொடுத்தது’ என்று நாலு பேர் முன் கேட்பது வெறும் பெருமையடிப்பு அல்ல. ரகசியமாகக் கொடுப்பது, கொடுப்பவர் என்று ஏற்கெனவே பெயர் எடுத்தவருக்குப் பொருத்தமான ஒழுக்கம். ஏச்சு பகிரங்கமாக இருந்தபோது பதிலும் பகிரங்கமாக இருந்ததில் நான் குற்றம் காணவில்லை.

1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம் இந்தப் பழக்கத்தின் நேர்விளைவு. ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது விதி. நெல்லைக் காணிக்கையில் அடுத்த ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியராகப் போனார். 1912 டிசம்பர் 29இல் அசரியா அந்தத் தோர்ணக்கல்லுக்கே பிஷப் ஆனார். ஆங்கிலத் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அங்கே சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிக் கூலிகள், நிலமற்றவர்கள். அவர்களும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அசரியா பிடிவாதமாக இருந்தார். அறுப்புப் பண்டிகைகளை நடத்தினார், கிறிஸ்தவரின் கொடை பற்றித் தனி நூலே எழுதினார். அரைவயிறு உண்பவனிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, கூலியை உயர்த்தாத நிலக்காரரைக் கேட்காமல் கூலியாளைக் கேட்பது சுலபமான வழிதான் என்பதால். ஆனால் அசரியா பார்த்த பக்கம் ஒன்று உண்டு. என்றும் வாங்கிக்கொண்டே இருப்பவனை யாரும் சமமாக உட்காரவைப்பதில்லை என்பதை அவர் எடின்பரோ போகுமுன்பே அறிந்திருந்தார்.

இன்று நகரத்துச் சபைகளில் பண்டிகைக்கு முதல்நாள் மாலை சந்தையில் காய்கறி வாங்கி வந்து அடுக்குகிறார்கள். பிறந்தநாள், தேர்வு, வேலை, வீடு என்று காரணம் குறித்துத் தரும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் பீடத்துக்குப் போகிறது. கொஞ்ச காலமாகக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். போதகர் சம்பளம் தடையில்லாமல் கிடைக்கிறது. கொடுத்தவரும் கொடாதவரும் உட்கார்ந்த அந்தப் பந்தி மட்டும், பல சபைகளில் பொட்டலச் சாப்பாடாக வீட்டுக்குப் போய்விட்டது.