செகண்ட் இன்னிங்ஸ் கப்பல்கள்

திருக்கழுக்குன்றம் என்றால் எல்லோருக்கும் கழுகுதான் ஞாபகம் வரும். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும், சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும், பறந்துவிடும். தொண்ணூறுகளோடு அந்த வரத்து நின்றுபோனது. போகட்டும். நாம் பார்க்க வேண்டிய சங்கதி மலை உச்சியில் இல்லை. கொஞ்சம் கீழே இருக்கிறது.

ஒருகல் மண்டபம் என்று பெயர். பல்லவர் காலத்துக் குடைவரை. உள்ளே போய் உற்றுப் பார்த்தால், கல்லில் சில ஐரோப்பியப் பெயர்கள் கீறப்பட்டிருப்பது தெரியும். நம் ஊர்க் கோட்டைச் சுவர்களில் காதலர்கள் செய்யும் அதே திருப்பணிதான். ஆனால் காலம், பதினேழாம் நூற்றாண்டு. கைங்கரியம், டச்சுக்காரர்களுடையது. கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குக் கிடங்கு இருந்தது. துணி வாங்கிக் கப்பலேற்றுவது தொழில். அவர்கள் வாயில் நுழையாததால் ஊரின் பெயர் சட்ராஸ் ஆனது. வேலை இல்லாத நாளில் மலையேறி, ‘நானும் வந்தேன்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் சரி. அவர்கள் வந்த கப்பல்கள் என்ன ஆயின?

ஹாலந்தில் கிளம்பும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஆசியா வந்து சேர ஆறு முதல் எட்டு மாதம் பிடிக்கும். திரும்பிப் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவு. சில தடவை போய்வந்தால் மரம் தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு வெப்பக் கடலில் கப்பல் புழு. பலகையைக் குடைந்து சல்லடையாக்கிவிடும். இதற்காகவே அடிப்பக்கத்தில் இன்னொரு அடுக்குப் பைன் பலகை அடித்து அனுப்புவார்கள். புழு முதலில் அதைத் தின்று பசியாறட்டும் என்று! அதையும் மீறிக் கப்பல் தளர்ந்துபோனால் ஊருக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள். நடுக்கடலில் சரக்கோடு முழுகித் தொலைத்தால் யார் பதில் சொல்வது? ‘நீ இங்கேயே இரு’ என்று ஆசியத் துறைமுகங்களுக்கு நடுவே ஓட விட்டுவிடுவார்கள். முடிகிறவரை ஓட்டிவிட்டு, பத்தேவியா மாதிரி ஒரு துறைமுகத்தில் போட்டுப் பிரித்து, மரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

அதாவது, அங்கே ரிடையர் ஆனால் இங்கே போஸ்டிங். முந்நூற்றைம்பது வருடத்துப் பழைய வழக்கம். இன்னும் மாறவில்லை என்பதுதான் விசேஷம்.

2022 ஜூன் 4. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சொகுசுக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். நீச்சல் குளம், நாடக அரங்கம், பஃபே, எல்லாம் உண்டு. புதுச்சேரியில் மட்டும், கப்பலில் சூதாட்டம் நடக்கும் என்று எதிர்ப்புக் கிளம்பி, கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. அது தனி ரகளை. செய்தித்தாள்களில் ‘பிரம்மாண்டமான கப்பல்’ என்று படம் வந்தது. அந்தக் கப்பல் முதன்முதலில் பயணிகளை ஏற்றிய வருடம் 1990 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பிரான்ஸில் கட்டியது. அப்போது பெயர் நார்டிக் எம்ப்ரஸ். மூன்று நாள், நான்கு நாள் பயணங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த கப்பல். பிறகு எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ், அப்புறம் ஸ்பெயின் கம்பெனியிடம் இன்னொரு பெயர், மறுபடி பழைய முதலாளி. கொரோனா வந்து உலகத்தின் சொகுசுக் கப்பல்கள் எல்லாம் நங்கூரம் போட்டு நின்ற 2020-ல் கைமாறி, 2021-ல் மும்பைக்கு வந்தது. சென்னைக்கு வந்தபோது வயது முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டு என்பது கப்பலுக்குக் கிழ வயதா?

இது நம் ஊர்க் கேள்வி மட்டுமல்ல. உலகமெங்கும் கப்பல் பயணப் பைத்தியங்கள் சண்டை போட்டுக்கொள்கிற விஷயம். ஒரு கட்சி, பழைய சின்னக் கப்பல்தான் கப்பல் என்கும். தேக்குத் தளம், கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற உணர்வு, பெரிய கப்பல் நுழைய முடியாத குட்டித் துறைமுகத்துக்குள் போகிற சாமர்த்தியம். இன்னொரு கட்சி, அதெல்லாம் சரி, பாத்ரூமில் குழாய் ஒழுகுகிறதே என்கும். இரண்டும் உண்மைதான்.

பழசைப் புதுசாக்குவதென்றால் பெயின்ட் அடித்து கார்ப்பெட் மாற்றுவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விண்ட்ஸ்டார் என்று ஓர் அமெரிக்க நிறுவனம். அவர்களிடம் மூன்று சின்னக் கப்பல்கள் இருந்தன. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் கட்டியவை. ஒவ்வொன்றிலும் 212 பேர் போகலாம். 2019-ல் இவற்றை இத்தாலியின் பலெர்மோவுக்குக் கொண்டுபோனார்கள். உலர்துறையில் ஏற்றி, கப்பலை நடுவில் சரியாக இரண்டு துண்டாக வெட்டினார்கள். வாழைப்பழத்தை வெட்டுவது போல. முன்பாதியை நகர்த்தி, தயாராகச் செய்து வைத்திருந்த 25.6 மீட்டர் நீளத் துண்டை நடுவில் நுழைத்து, பற்றவைத்து, பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் புது எஞ்சின் வைத்தார்கள். வயரையும் குழாயையும் ஒன்றுவிடாமல் இரண்டு பக்கமும் சேர்க்கவேண்டும், யோசித்துப் பாருங்கள். 2021-ல் வேலை முடிந்தபோது ஒவ்வொன்றிலும் 312 பேர். மூன்று கப்பலுக்கும் சேர்த்துச் செலவு 25 கோடி டாலர். இந்த ரகத்தில் புதிதாகக் கட்டினால் அந்தப் பணத்துக்கு மூன்று கப்பல் கிடைக்காது. அதுதான் கணக்கு.

ஆனால், பழசில் ஒரு பூதம் உண்டு. நெருப்பு. 1965 நவம்பர் 13-ம் தேதி அதிகாலை, மயாமியிலிருந்து நாசாவுக்குப் போய்க்கொண்டிருந்த யார்மத் காஸில் என்ற கப்பல் எரிந்தது. கட்டிய வருடம் 1927. உள்ளே பார்த்த இடமெல்லாம் மரம். மரத்துக்கு மேல் வருடா வருடம் அடித்த பெயின்ட், அடுக்கடுக்காக. தீக்குச்சிப் பெட்டிக்குள் மனிதர்களைப் படுக்க வைத்த மாதிரி. 90 பேர் செத்துப்போனார்கள். முதலில் கிளம்பிய உயிர்காப்புப் படகில் கேப்டனும் இருந்தார்! அதற்கப்புறம்தான் சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கின. கடைசி ஆணி 2010 அக்டோபர் 1. எளிதில் தீப்பிடிக்கும் பொருட்களால் கட்டிய பயணிகள் கப்பல் சர்வதேசப் பயணம் போகக்கூடாது, மரத்தை எடு அல்லது ஒதுங்கு என்றது சட்டம். பெரியம்மா மாதிரி மதிப்போடு ஓடிக்கொண்டிருந்த பல பழைய கப்பல்கள் அதோடு காயலான் கடைக்குப் போயின. அழகுக்காக வருத்தப்படலாம். சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

இனி நம் கடலுக்கு வருவோம். இங்கே கதை கொஞ்சம் வேறு மாதிரி.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். இந்தத் தடத்தில் உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ போயிருந்தால் ‘ரஜூலா’ என்ற பெயரைச் சொல்லியிருப்பார்கள். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. செகண்ட் ஹேண்ட் அல்ல, இந்தக் கடலுக்கென்றே புத்தம் புதிதாகக் கட்டியது. ஆனால் யாருக்காக, எப்படி என்று பாருங்கள். மேலே கேபின்களில் விரல்விட்டு எண்ணும்படி கொஞ்சம் பேர். கீழே டெக்கில் ஐயாயிரத்துக்கும் மேல். ஐயாயிரம்! பாய், தகரப் பெட்டி, ஊறுகாய் ஜாடியோடு குடும்பம் குடும்பமாக. ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்கள், வட்டிக்கடைக்குப் போனவர்கள், கல்யாணம் முடிந்து புருஷனிடம் போனவர்கள். பின்னாளில் விதிகள் இறுகி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கூடப்பிறந்த கப்பலான ரோனாவை 1943-ல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர்கள் குண்டு போட்டு மூழ்கடித்தார்கள். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரஜூலா போரில் தப்பி, திரும்பி வந்து, மறுபடி நாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. படகில் போய்த்தான் ஏறவேண்டும். 1973-ல் இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் அதை வாங்கி ரங்கத் என்று பெயர் வைத்தது. மறு வருடம் பம்பாயில் உடைத்தார்கள். நாற்பத்தேழு வருட உழைப்பு.

அதன் இடத்துக்கு வந்தது ‘சிதம்பரம்’. இதுவும் கைமாறி வந்ததுதான். பிரான்ஸின் டன்கிர்க்கில் 1966-ல் கடலில் இறக்கிய பாஸ்டர் என்ற கப்பல். தென் அமெரிக்காவுக்கு ஓடியது. விமானத்தோடு போட்டி போட முடியாமல் பிரெஞ்சுக்காரர்கள் 1972-ல் விற்றுவிட்டார்கள். ஆறு வயதுக் கப்பல், நவீனமானது, ஏ.சி. வேறு. ரஜூலாவில் போனவர்களுக்கு இது சொர்க்கலோகம். ஆனால் நாம் செய்த முக்கியமான ‘புதுப்பித்தல்’ என்ன தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள் நானூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிய கப்பலில், அடுக்குப் படுக்கைகள் போட்டு ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றினோம். விண்ட்ஸ்டார்காரர்கள் நூறு பேரைச் சேர்ப்பதற்குக் கப்பலை வெட்டி நீட்டினார்கள். நாம் நீட்டவில்லை.

1984 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பிடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அப்போது கப்பலின் வயது பதினெட்டுதான். பழைய கப்பல் என்று யாரும் சொல்லமுடியாது. மறு வருடம் அதையும் உடைத்தார்கள். நாகப்பட்டினம், சிங்கப்பூர் கப்பல் பயணம் என்ற ஓர் உலகமே அதோடு முடிந்தது. தஞ்சை, நாகை ஜில்லாக்களில் அதைப் பற்றி இன்னமும் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஏறி இறங்கிய கதைதான் பேசுவார்கள். தீயைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும்.

அப்புறம் 2011. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல்! இருபத்தெட்டு வருட இடைவெளிக்குப் பிறகு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணிகள் கப்பல் என்று ஜூன் மாதம் பெரிய அமர்க்களமாகத் தொடங்கினார்கள். கப்பலின் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். பிறந்தது 1972-ல், யுகோஸ்லாவியாவில். கட்டிய தேசமே இப்போது வரைபடத்தில் இல்லை. முதலில் ஸ்வீடன் கம்பெனிக்கு ஓடியது. 1982 முதல் இருபது வருடத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவுக்கும் நடுவே படகுச் சேவை. 2005-ல் கத்ரினா புயல் லூயிசியானாவை அடித்துப் போட்டபோது, வீடிழந்தவர்கள் தங்குவதற்கு மிதக்கும் விடுதியானது. 2011-ன் தொடக்கத்தில் லிபியாவில் கலவரம் வெடித்தபோது, பெங்காஸியில் மாட்டிக்கொண்ட இந்தியர்களை ஆயிரத்துக்கும் மேல் ஏற்றிக்கொண்டுபோய் அலெக்ஸாண்ட்ரியாவில் பத்திரமாக இறக்கியது இதே கப்பல்தான். அடுத்த நான்காவது மாதம் தூத்துக்குடி.

முப்பத்தொன்பது வயதில் இத்தனை வேலை பார்த்த கப்பல் எதனால் நின்றது என்று நினைக்கிறீர்கள்? எஞ்சின் பழுதா? ஓட்டையா? இல்லை. போதிய டிக்கெட் விற்கவில்லை. எண்ணெய்க்குக் கொடுக்கவேண்டிய பாக்கி ஏறியது. நவம்பரில் சேவை நின்றது. அடுத்த வருடம் வங்கதேசத்தில் கப்பலை உடைத்தார்கள்.

கர்னிகா கதையும் அப்படித்தான். ஜலேஷ் என்ற நிறுவனம் 2019-ல் மும்பையில் ஆரம்பித்தது. கப்பல் 1990-ல் இத்தாலியில் கிரவுன் பிரின்சஸ் என்ற பெயரில் தொடங்கியது. அதன் உருவத்தை வடிவமைத்தவர் ரென்ஸோ பியானோ, பாரிஸ் பாம்பிடு மையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். டால்பின் தலை மாதிரி முன்பக்கம். ஒரு வருடம்கூட முழுசாக ஓடவில்லை, கொரோனா வந்தது. கம்பெனி மூடிக்கொண்டது. 2020 நவம்பரில் குஜராத்தின் அலங் கடற்கரையில் ஏற்றிப் பிரித்துவிட்டார்கள். இதே வயதுள்ள எம்ப்ரஸ் பிழைத்தது, கர்னிகா செத்தது. இரும்பில் வித்தியாசம் இல்லை. கணக்குப் புத்தகத்தில்தான்.

எனக்குத் தோன்றுவது, கப்பலின் பிறந்த தேதியை மட்டும் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு பேரை ஏற்றினார்கள், கடைசியாக எப்போது உலர்துறையில் ஏறியது, எண்ணெய்க்காரனுக்குப் பாக்கி உண்டா என்று கேட்கவேண்டும். டைட்டானிக் புத்தம் புதுக் கப்பல் ஐயா!

எம்ப்ரஸ் 2023 ஜூனில் சென்னையிலிருந்து ஹம்பன்தோட்டா, திரிகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கும் போனது. எத்தனையோ வருடம் பயணிகள் கப்பலைக் காணாத யாழ்ப்பாணக் கரை. பதினாறாம் தேதி அங்கே வரவேற்பு, புதிதாகத் திறந்த பயணிகள் முனையம், ஒரே கொண்டாட்டம். ஊர்க்காரர்களுக்கு அது சூதாட்டக் கப்பலுமில்லை, கிழட்டுக் கப்பலுமில்லை. இந்தியாவிலிருந்து வந்த கப்பல். அதே வருடம் அக்டோபரில் லட்சத்தீவில் ஓடிக்கொண்டிருந்த செரியபாணி என்ற சின்னக் கப்பலை நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள். ஒரு வாரம் ஓடியதே பெரிய விஷயம். 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் அந்தத் தடத்தை மறுபடி எடுத்துக்கொண்டது.

கார்டீலியா அடுத்து என்ன கொண்டுவருகிறது என்று 2025-ல் அறிவித்தது. குத்தகைக்கு இரண்டு கப்பல்கள். ஒன்று, 2001-ல் ஓடத் தொடங்கிய நார்வேஜியன் சன். இன்னொன்று, 1999-ல் வந்த நார்வேஜியன் ஸ்கை. இந்த ஸ்கைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அது முதலில் கோஸ்டா ஒலிம்பியா என்ற பெயரில் வேறொரு கம்பெனிக்காக ஜெர்மனியில் பாதி கட்டப்பட்ட கப்பல். கட்டிக்கொண்டிருந்த பட்டறை திவாலாகிப்போய், வெறும் இரும்புக்கூடாக நின்றதை நார்வேஜியன் நிறுவனம் வாங்கி முடித்தது. கடலைப் பார்ப்பதற்கு முன்பே செகண்ட் ஹேண்ட்!