பூந்தொட்டியும் பக்கத்து வீட்டுப் பையனும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பொம்மசந்திராவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஊருக்குக் கிளம்பினோம். வண்டியை ரிவர்ஸ் எடுத்ததும் பீப் சத்தம். பின்னால் எப்போதும் இருக்கும் பூந்தொட்டிதானே என்று இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஏதோ ஒரு நினைப்பில் திரையைப் பார்த்தால்... பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருக்கிறான்! பிரேக்கை மிதித்தேன். அவன் பந்தோடு ஓடிவிட்டான். என் கை நடுக்கம் அத்திப்பள்ளி தாண்டும்வரை நிற்கவில்லை.

வங்கிக்காரன் புத்தி, எதற்கும் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கச் சொல்லும். இந்தக் கேமராவின் கணக்கையும் புரட்டினேன்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தவர் லாரி கிளீனர்தான். பின்னால் நின்று, பலகையைத் தட்டி, "வா, வா... ஹோல்டான்!" என்பார். அமெரிக்காவில் 1956லேயே ப்யூக் நிறுவனம் செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரில் பின்பக்கம் டிவி கேமரா வைத்துக் காட்டியது. அந்தக் கார் விற்பனைக்கு வரவில்லை. 1991ல் ஜப்பானில் டொயோட்டா சோரர் காரில் இந்த வசதி வந்தது.

2002ல் அமெரிக்காவில் ஒரு தந்தை காரைப் பின்னால் எடுத்தபோது, அவருடைய இரண்டு வயதுக் குழந்தையே அடியில் சிக்கி இறந்தது. அந்தத் தந்தை ஒரு குழந்தை மருத்துவர். குழந்தையின் பெயரில் 2008ல் சட்டம் வந்தது. ஆனால் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கேமரா கட்டாயமானது 2018 மே மாதத்தில்தான். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். கேமரா அல்ல, சென்சார்! அதற்குப் பூந்தொட்டியும் பிள்ளையும் ஒன்றுதான்.

முன்பக்கக் கேமராவின் கதை வேறு. எதிரே இருப்பது ஆளா, வண்டியா என்று அதுவே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மனிதர்கள் குறித்துக் கொடுத்த படங்கள் தேவை. 2016ல் வெளியான புகழ்பெற்ற படத்தொகுப்பு பெரும்பாலும் ஜெர்மன் நகரங்களில் எடுத்தது. அதில் ஆட்டோவுக்கு ஏது இடம்? 2018ல் ஹைதராபாத் ஐஐஐடியும் இன்டெலும் சேர்ந்து, ஹைதராபாத்திலும் நம் பெங்களூரிலும் காரோட்டி எடுத்த 10,004 படங்களை வெளியிட்டார்கள். ஆட்டோவும் விலங்கும் அதில் தனித்தனி வகை. வண்டி இறங்கி ஓடும் சாலையோர மண்ணுக்கும் ஒரு வகை உண்டு! 2021ல் நாக்பூர் மாநகரப் பேருந்துகளில் இத்தகைய எச்சரிக்கைக் கேமராக்களைப் பொருத்தும் திட்டமும் தொடங்கியது.

கேமரா கற்றுக்கொண்டே இருக்கிறது. நான்தான் பீப் சத்தத்தைக் கேட்டும் பூந்தொட்டி என்று தீர்மானித்தவன். இப்போதெல்லாம் சாவி போடும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வருகிறேன். என் மகள் "சாமி பிரதட்சணமா அப்பா?" என்கிறாள். ஆமாம், அப்படியே வைத்துக்கொள்ளலாம். நீங்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டே வண்டியை எடுங்கள்.