எட்டு கிதார், ஒரே ஆளு, ஒரு கார் ஷெட்

"டேய், நம்ம ஜாம் என்னடா ஆச்சு?"

"மிக்ஸ் பண்ணிட்டிருக்கேன்டா."

எனக்கும் என் நண்பனுக்கும் நடுவுல இந்த ரெண்டு வரி வசனம் அஞ்சு வருஷமா ஓடுது. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எங்க வீட்டுப் பின்கட்டு ரூம்ல ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் குடுத்து, சத்தம் வரும்னு ஃபேனையும் நிறுத்திட்டு, வேர்த்து விறுவிறுக்க ரெண்டு பேரும் நாப்பது நிமிஷம் கிதார் வாசிச்சோம். கம்ப்யூட்டர்ல நல்லாவே பதிவாச்சு. ஒரே ஒரு குறை. பதினேழாவது நிமிஷத்துல அம்மா கதவைத் திறந்து "காபி போடவாடா?"ன்னு கேட்டது ரெண்டு மைக்கிலயும் விழுந்துடுச்சு.

அதை மறைக்கலாம்னு இன்னொரு கிதார் வாசிச்சுச் சேர்த்தேன். அப்புறம் ஒரு பேஸ். அப்புறம் ஒரு ஷேக்கர். இப்ப 31 ட்ராக் நிக்குது. ஃபைல் பேரெல்லாம் 'ஜாம் ஃபைனல்', 'ஜாம் ஃபைனல் 2', 'ஜாம் நிஜ ஃபைனல்'. :-)

எதுனால முடிக்க முடியலைன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே, இந்த வீட்டு ஸ்டூடியோ சமாச்சாரம் எங்கேர்ந்து ஆரம்பிச்சதுன்னு படிக்கப் போனேன். போன இடத்துல என் வியாதிக்கு மருந்தே கிடைச்சது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

லெஸ் பால்னு சொன்னா கிதார் பிரியர்களுக்கு உடனே ஞாபகம் வர்றது 1952-ல் கிப்சன் கம்பெனி கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிதார்தான். அந்தப் பேருக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு மனுஷர் இருந்தார். 1915-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துல பொறந்தவர். கிதார் வாசிப்பு ஒரு கை, சால்டரிங் அயர்ன் இன்னொரு கைன்னு வாழ்ந்தவர். 1940-களில் ஹாலிவுட்ல, கர்சன் அவென்யூங்கற தெருவுல இருந்த தன் வீட்டு கார் ஷெட்டையே ஸ்டூடியோவா மாத்திட்டார். "நீயே ஒரு ஸ்டூடியோ கட்டிக்கயேன்"னு ஏத்தி விட்டவர் அன்னிக்கு உச்சத்துல இருந்த பாடகர் பிங் கிராஸ்பி.

அப்ப டேப் கிடையாது. பாட்டைப் பதியணும்னா சுத்தற தட்டு மேல ஊசியால கோடு கீறணும். அந்தக் கீறல் மெஷினையும் லெஸ் பால் தானே செஞ்சார். தட்டு ஆடாம ஒரே சீரா சுத்தணுமே, அதுக்கு கனமான சக்கரம் வேணும். எடுத்து மாட்டினது காடிலாக் கார் எஞ்சினோட ஃப்ளைவீல்! நம்ம ஊர் மெக்கானிக் அண்ணாச்சிங்க மூளைதான்.

அவர் வச்சிருந்த முறை இது. முதல் தட்டுல ஒரு கிதார் வாசிச்சுப் பதியணும். அதை ஓட விட்டு, கூடவே ரெண்டாவது கிதாரை வாசிச்சு, ரெண்டையும் சேர்த்து இன்னொரு தட்டுல பதியணும். அந்தத் தட்டை ஓட விட்டு மூணாவது. இப்படியே எட்டு கிதார். எட்டும் அவரே! சில பகுதிகளை மெஷினைப் பாதி வேகத்துல வச்சுப் பதிஞ்சு, அப்புறம் முழு வேகத்துல ஓட்டினார். சுருதி ஒரு ஸ்தாயி மேல ஏறி, மனுஷ விரல் வாசிக்க முடியாத வேகத்துல கேக்கும். இப்படி உருவான 'லவர்'ங்கற இசைத்தட்டை 1948-ல் கேப்பிட்டல் கம்பெனி வெளியிட்டுச்சு.

இந்த யோசனை அவருக்குத்தான் முதல்ல வந்ததுன்னு சொல்லிட முடியாது. 1941-லேயே சிட்னி பெஷேங்கற ஜாஸ் கலைஞர் கிளாரினெட், பியானோ, டிரம்ஸ்னு ஆறு வாத்தியத்தையும் தானே ஒவ்வொண்ணா வாசிச்சு ஒரே பாட்டாக்கினார். ஆனா அது ஒரு பெரிய கம்பெனியின் ஸ்டூடியோவுல நடந்த ஒரு வேடிக்கைச் சோதனை. அதையே வீட்டுக்குள்ள கொண்டுவந்து தினசரித் தொழிலாக்கினவர் லெஸ் பால்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்தக் காலத்துல கேசட் கடையில பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்துப் பதிஞ்சு வாங்கினவங்களுக்கு இது சட்டுனு புரியும். அந்தக் கேசட்டை நண்பன் வாங்கிக் காப்பி எடுப்பான், அதை அவன் தங்கச்சி காப்பி எடுப்பா. கடைசியில பாட்டு எங்கேயோ கிணத்துக்குள்ளேர்ந்து கேக்கும், 'உஸ்ஸ்'ங்கற சத்தம் மட்டும் பக்கத்துல கேக்கும். எட்டு தட்டு முறையிலயும் அதே கதைதான். முதல்ல வாசிச்ச கிதார் ஏழு தடவை காப்பி ஆயிடுது.

அதுக்கு லெஸ் பால் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமை. பாட்டுல எது முக்கியமில்லையோ அதை முதல்ல வாசி. எது உயிரோ அதைக் கடைசியில வாசி. பின்னணித் தாளம் மங்கினா பரவாயில்லை, மெட்டு பளிச்சுனு நிக்கும்.

இதைப் படிச்சதும் நான் நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தேன். ஏன்னா இதுக்கு என்ன அர்த்தம்? முதல் ஸ்வரம் வாசிக்கறதுக்கு முன்னாடியே முழுப் பாட்டும் அவர் மண்டையில மிக்ஸ் ஆகி முடிஞ்சிருக்கணும். எது பெரிசு எது சின்னது, எது முன்னாடி எது பின்னாடின்னு தீர்மானிச்சுட்டுத்தான் கிதாரையே கையில எடுக்க முடியும். நாமதான் முதல்ல வாசிச்சுடறோம், தீர்மானிக்கறதை மட்டும் நாளைக்குன்னு தள்ளறோம்.

டேப் வந்ததும் ஒரு கதை. ஜெர்மனிக்காரங்க உருவாக்கின மேக்னடோஃபோன் மெஷின் ரெண்டை, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட ஜாக் மல்லின்ங்கற அமெரிக்க ராணுவ எஞ்சினியர் ஊருக்குக் கொண்டுவந்தார். வாராவாரம் ரேடியோவுல நேரலையா நிகழ்ச்சி பண்ணி அலுத்துப் போயிருந்த பிங் கிராஸ்பிக்கு அதைப் பார்த்ததும் குஷி. ஆம்பெக்ஸ்ங்கற சின்ன கம்பெனி மெஷின் தயாரிக்க அவர் 50,000 டாலர் போட்டார். 1948-ல் ஆம்பெக்ஸ் டேப் மெஷின் சந்தைக்கு வந்தது. கொஞ்ச நாள்ல ஒண்ணு லெஸ் பால் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இதுக்கு நடுவுல அவருக்குப் பெரிய அடி. 1948 ஜனவரியில ஓக்லஹோமா பக்கம் கார் விபத்து. வலது முழங்கை சுக்குநூறு. இனி மடக்கி நீட்ட முடியாதுங்கற நிலைமை. கிதார் பிடிக்கற வாகுல மடக்கியே கையை நிரந்தரமா வச்சுடுங்கன்னு டாக்டர்கள்கிட்ட சொல்லிட்டார். வாழ்நாள் முழுக்க அந்தக் கையோடதான் வாசிச்சார். தீர்மானம் எடுக்கறதுன்னா இதுதானே!

டேப் மெஷின்ல சாதாரணமா மூணு தலை வரிசையா இருக்கும்: அழிக்கறது, பதியறது, கேக்கறது. லெஸ் பால் அழிக்கற தலைக்கு முன்னாடி இன்னொரு கேக்கற தலையைச் சொருகினார். பழைய சத்தம் அழியறதுக்கு ஒரு கணம் முன்னாடி அதைக் கேட்டு, புது வாசிப்போட கலந்து, அதே டேப்ல மறுபடி பதியலாம். ரெண்டு தட்டு மெஷின் தேவையில்லை. தூக்கிட்டுப் போய் ஓட்டல் ரூம்லயும் வேலை பார்க்கலாம்.

ஆனா ஆபத்தைப் பாருங்க. தட்டுல தப்பு வந்தா முந்தைய தட்டாவது பத்திரமா இருக்கும். இந்த டேப் முறையில பழசு அழிஞ்சுக்கிட்டே வருது. ஒன்பதாவது சுத்துல விரல் வழுக்கிச்சுன்னா மேல இருக்கற எட்டும் காலி. முதல்லேர்ந்து ஆரம்பி!

இந்த முறையிலதான் அவரும் மனைவி மேரி ஃபோர்டும் 1951-ல் 'ஹவ் ஹை த மூன்' பாட்டைப் பதிஞ்சாங்க. நியூயார்க்ல குவீன்ஸ் பகுதியில இருந்த அவங்க குடியிருப்புல. அடுக்கடுக்கா கிதார், அடுக்கடுக்கா மேரியின் குரல். பாடறவங்க மைக்லேர்ந்து தள்ளி நிக்கறது அன்னிக்கு வழக்கம். மேரி மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல நின்னு மெதுவாப் பாடினார், காதுகிட்ட வந்து சொல்ற மாதிரி. பில்போர்டு பட்டியல்ல ஒன்பது வாரம் முதலிடம். வீட்டுல செஞ்ச சரக்கு!

அப்புறம் 1957-ல் ஆம்பெக்ஸ் அவருக்காகவே எட்டு ட்ராக் மெஷின் செஞ்சு குடுத்தது. விலை 10,000 டாலர். இதுல ஒரு நுணுக்கம் உண்டு. பதியற தலையும் கேக்கற தலையும் தள்ளித் தள்ளி இருக்கறதால, பழைய ட்ராக்கைக் கேட்டுக்கிட்டே புதுசா வாசிச்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது, புதுசு பின்தங்கிப் போகும். ஆம்பெக்ஸ்ல இருந்த ராஸ் ஸ்னைடர் குழு, பதியற தலையையே கேக்கறதுக்கும் பயன்படுத்தி அதைத் தீர்த்தாங்க. இனி எதையும் அழிக்க வேண்டாம். எட்டும் தனித்தனியா நிக்கும். மிக்ஸிங்கை அப்புறம் பார்த்துக்கலாம்.

'அப்புறம் பார்த்துக்கலாம்'ங்கற வார்த்தை இசைக்குள்ள நுழைஞ்சது அன்னிக்குத்தான்னு எனக்குத் தோணுது.

வேடிக்கை என்னன்னா, லெஸ் பால் - மேரி ஃபோர்டு ஜோடியின் பெரிய வெற்றி எல்லாமே அந்த மெஷினுக்கு முன்னாடி வந்ததுதான். மெஷின் மேல பழி போட முடியாது, அதுக்குள்ள ராக் அண்ட் ரோல் வந்து ரசனையையே புரட்டிப் போட்டுடுச்சு. இருந்தாலும் என் 31 ட்ராக்கைப் பார்க்கும்போது சுருக்குன்னு ஒரு குத்து.

ஒருத்தரே எட்டு பேரா வாசிக்கறது ஒரு வகை. நாலஞ்சு பேர் ஒரே ரூம்ல வாசிக்கற ஜாமுக்கு வேற கதை இருக்கு. 1971-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பிரிட்டன் வரிக்குப் பயந்து ஃபிரான்ஸுக்குப் போனாங்க. கடலோரத்துல கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த நெல்கோட் பங்களாவின் நிலவறையில ராத்திரி ராத்திரியா ஜாம். வாசல்ல பதிவு மெஷின் வச்ச லாரி, உள்ளேர்ந்து அதுக்கு வயர். காத்து வராத புழுக்கத்துல கிதார் சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். (மெத்தை வச்சு ஜன்னலை அடைச்ச எனக்கு இது நல்லாப் புரியுது!) அந்தக் குவியலை லாஸ் ஏஞ்சலிஸ் கொண்டுபோய், மேல சேர்த்து, மிக்ஸ் பண்ணி முடிக்க 1972 ஆயிடுச்சு. 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' அப்படி வந்த ஆல்பம். ஆனா வாசல்ல லாரி நிறுத்தறது எல்லாருக்கும் ஆகற காரியமா?

சாமானியனுக்கு வழி திறந்தது 1979-ல். டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டூடியோ. நாம பாட்டு கேக்கற அதே கேசட்டை ரெட்டை வேகத்துல ஓட்டி, அதுல நாலு ட்ராக் பதியற பெட்டி. ஆயிரத்துச் சொச்சம் டாலர். மேஜை மேல அடங்கிடும்.

1982 ஜனவரியில, நியூ ஜெர்சியில ஒரு வாடகை வீட்டுல ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அதை வச்சுக்கிட்டு உக்காந்தார். ரெண்டு சாதாரண மைக். பாட்டும் கிதாரும் சேர்த்து முதல்ல. மிச்ச ட்ராக்ல இன்னொரு குரலோ இன்னொரு கிதாரோ. எக்கோ பெட்டி வழியா அனுப்பி, பானாசோனிக் டேப்ரெக்கார்டர்ல மிக்ஸை இறக்கினார். தன் குழுவுக்குக் காட்டறதுக்கான மாதிரிதான் அது. உறை கூட இல்லாம அந்தக் கேசட்டைப் பாக்கெட்லயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சதா அவரே சொல்லியிருக்கார்.

அப்புறம் முழுக் குழுவோட பெரிய ஸ்டூடியோவுல அதே பாட்டுகளை வாசிச்சுப் பார்த்தாங்க. பல பாட்டுல கேசட்டில் இருந்த அந்தத் தனிமை மட்டும் வரவே இல்லை. கடைசியில கேசட்டையே ஆல்பமாக்கிட்டாங்க. 1982 செப்டம்பர்ல வெளியான 'நெப்ராஸ்கா' அதுதான். கேசட் சத்தத்தை இசைத்தட்டுக்கு மாத்தறதுக்குள்ள எஞ்சினியர்களுக்குத் தாவு தீர்ந்துடுச்சாம். நாலே ட்ராக். அஞ்சாவதுக்கு இடமில்லை. அதனால அஞ்சாவது யோசனையும் இல்லை.

இப்ப நம்ம கைக்கு வருவோம். 2000-ல் ஆடாசிட்டி இலவசமா வந்தது, 2004-ல் ஆப்பிளின் கராஜ்பேண்ட் வந்தது. பேர்லயே கார் ஷெட்! லெஸ் பால் 10,000 டாலர் குடுத்து வாங்கின வசதியைப் போல பல மடங்கு இன்னிக்குக் காசில்லாமக் கிடைக்குது. குறை சொல்லலை, இது இல்லைன்னா எங்களை எந்த ஸ்டூடியோ உள்ளே விடும்? ஆனா மெஷின் அன்னிக்கு நமக்காக எடுத்த தீர்மானத்தை இப்ப நாமளேதான் எடுக்கணும். மிக்ஸிங்னா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற வேலைன்னு நெனச்சிருந்தேன். எதை விடறதுன்னு ஒத்துக்கற வேலை அது.

போன சனிக்கிழமை ராத்திரி ஃபைலைத் திறந்தேன். நாலு ட்ராக்தான்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன். அவன் கிதார், என் கிதார், பேஸ். நாலாவதுக்கு எவ்வளவு யோசிச்சும் ஒண்ணும் தோணலை, காலியாவே விட்டுட்டேன். மிச்சம் 28-ஐயும் அழிச்சேன். கை நடுங்கிச்சு, பொய் சொல்லலை. மறைக்க வாசிச்ச கிதாரும் போயிட்டதால, பதினேழாவது நிமிஷத்துல அம்மா குரல் பளிச்சுனு கேட்டுச்சு. ரெண்டு தடவை கேட்டேன். அப்படியே விட்டு, ஒரு மணிக்கு அவனுக்கு அனுப்பிட்டேன்.

காலையில பதில் வந்திருந்தது. "காபி வர்ற இடம் சூப்பர்டா. இதை ஏன்டா அஞ்சு வருஷமா ஒளிச்சு வச்சிருந்தே?"

பி.கு: லெஸ் பால் 2009 ஆகஸ்ட்ல தன்னோட 94-ஆவது வயசுல காலமானார். வயசான காலத்துலயும் நியூயார்க்ல வாராவாரம் திங்கக்கிழமை மேடை ஏறி வாசிச்சவர். உங்க கிட்டயும் ஒரு 'நிஜ ஃபைனல்' தூங்கிட்டிருந்தா, இந்த வாரம் முடிச்சுடுங்க.