நூலகத்துக்குள் வந்த பாட்டி கதை

‘குழந்தையோடு குடும்பமாகச் சேர்ந்து வாசியுங்கள்’ என்று நூலகங்கள் அழைக்கும்போது, ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பவள் தாய்தான். 1992இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 300 குழந்தைகளுக்கு இலவசப் புத்தகப் பை கொடுத்து ‘புக்ஸ்டார்ட்’ திட்டம் தொடங்கியது. நல்ல யோசனை. ஆனால் பாலூட்டுவது, தடுப்பூசி போடுவது, தூங்கவைப்பது என்று நீளும் தாயின் வேலைப் பட்டியலில் இப்போது வாசிப்பும் சேர்ந்துகொள்கிறது. எழுத்தறியாத தாயும் அந்த நாட்டு மொழி தெரியாத தாயும் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது எனக்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வேலை செய்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பூரா பெல்ப்ரே 1921இல் 135ஆம் தெரு நூலகக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகம் வேலைக்கு எடுத்த முதல் போர்ட்டோ ரிக்கோ பெண் அவர்தான். நூலகம் என்றால் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று அவருடைய மக்கள் நினைத்திருந்த காலம் அது. 1929இல் 115ஆம் தெருக் கிளைக்கு மாறிய பிறகு, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலுமாகக் கதை நேரம் நடத்தினார். ஸ்பானிஷ் புத்தகங்களை வாங்கவைத்தார். மூன்று ராஜாக்கள் பண்டிகையை நூலகத்துக்குள்ளேயே கொண்டாடினார். அக்கம்பக்கத்து அமைப்புகளைத் தேடிப்போய்ப் பேசினார்.

அவர் சொன்ன கதைகளில் புகழ்பெற்றது, மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சி தன்னைப் பெண் கேட்டு வந்த பலரை மறுத்து, பெரெஸ் என்ற எலியைத் தேர்ந்தெடுக்கும் கதை. பாட்டியிடம் கேட்ட கதை அது. நூலகப் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது அதை எழுதினார். 1932இல் புத்தகமாக வந்தது. வீட்டுப் பெண்கள் வாய்மொழியாகக் காத்துவந்த ஒன்று இப்படித்தான் நூலக அலமாரியில் இடம்பிடித்தது. ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் கற்றுத்தருகிறோம்’ என்று அவர் தாய்மார்களிடம் போகவில்லை. அவர்களிடம் இருந்ததிலிருந்தே தொடங்கினார். பெண்ணிய வரலாற்றில் அவருக்கு இடம் உண்டென்று நான் சொல்வது இதனால்தான்.

அவருடைய வாழ்க்கையும் பல பெண்களின் வாழ்க்கையைப் போல இடையில் அறுபட்டது. 1943இல் இசைக்கலைஞர் கிளாரன்ஸ் கேமரன் ஒயிட்டை மணந்தார். பின்னர் நூலக வேலையை விட்டார். 1960இல் கணவர் இறந்த பிறகு திரும்பிவந்தார். ஓய்வுபெற்ற பின்னும் பொம்மலாட்டத்தோடு சவுத் பிராங்ஸ் குழந்தைகளிடம் போனார். 1982இல் மறைந்தார். 1996 முதல் அவர் பெயரில் குழந்தை இலக்கிய விருது வழங்கப்படுகிறது.

நம் ஊர்ப் பள்ளிக் கூட்டங்களிலும் ‘வீட்டில் பிள்ளைக்கு வாசித்துக்காட்டுகிறீர்களா?’ என்ற கேள்வி அம்மாக்களைப் பார்த்தே கேட்கப்படுகிறது. அதை அப்பாக்களிடமும் கேட்க வேண்டும். அம்மாக்களிடம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்று சொல்லுங்களேன்.’