நூடில்ஸ் பக்கற் எங்கிருந்து வந்தது?



இடைவேளையில் சில பிள்ளைகள் நூடில்ஸை அவிக்காமலே பக்கற்றோடு நொறுக்கி, மசாலாத் தூளைக் கொட்டிக் குலுக்கிச் சாப்பிடுகிறார்கள். ஏசத்தான் வாய் வந்தது. ஆனால் 1990 வெளியேற்றத்துக்குப் பிறகு, புத்தளம் முகாமில் நிவாரணக் கோதுமை மா ரொட்டியில் வளர்ந்தவன் நான். பசிக்கு வந்த சாப்பாடு பழக்கமாகிப்போவது எனக்குத் தெரியும். நூடில்ஸின் கதையும் அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பெரும் பசி. அமெரிக்கக் கோதுமை வந்திறங்கியது. பாண் சாப்பிடுங்கள் என்றது அரசு. இந்த மாவில் நூடில்ஸ் செய்தால் என்ன என்று கேட்டவர் மொமொபுகு அண்டோ. போர் முடிந்த காலத்தில் ஒசாகாவில் ஒரு நூடில்ஸ் கடை முன்னால் குளிரில் நின்ற வரிசையைப் பார்த்தவர் அவர். 1958இல், 48 வயதில், வீட்டுக் கொல்லைக் கொட்டிலில் வழியைக் கண்டுபிடித்தார். அவித்த நூடில்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் ஆவியாகிச் சின்னத் துளைகள் விழும். பிறகு சுடுநீர் ஊற்றினால் அந்தத் துளைகளில் ஏறி, மெதுவாகிவிடும். அன்று அது சாதாரண நூடில்ஸைவிட ஆறு மடங்கு விலை என்பதுதான் வேடிக்கை!

எங்கள் நாட்டிலும் 1942இல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது கோதுமை மா பங்கீட்டுக்குள் வந்தது. பிறகு அமெரிக்க உதவி மா. 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை. கட்டுக்கரைக் குளத்து நெல் விளையும் மன்னாரில், இங்கே ஒரு மணிகூட விளையாத தானியம் காலைச் சாப்பாடாகிவிட்டது.

சரி, அதில் என்ன இருக்கிறது? பொரித்த நூடில்ஸின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை எண்ணெய், பெரும்பாலும் பாம் எண்ணெய். மிச்சம் பெரும்பாலும் மாச்சத்து. புரதமும் நாரும் கொஞ்சம்தான். உப்புத்தான் பெரிய பிரச்சினை. வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பக்கற்றுகள் ஒரே வேளையில் அதில் பாதியைத் தந்துவிடுகின்றன. 2015இல் இந்தியாவில் ஈயம் இருப்பதாகச் சொல்லி மேகியைத் தடைசெய்தார்கள். சில மாதங்களில் அது திரும்பக் கடைக்கு வந்தது. நாங்கள் இன்னும் ஈயத்தையும் அஜினோமோட்டோவையும் பற்றியே கதைக்கிறோம், உப்பைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. 2014இல் வெளியான கொரிய ஆய்வொன்றில், கிழமைக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ சாப்பிட்ட பெண்களிடம் இடுப்புக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் ஒன்றாகக் கூடும் நிலை அதிகம் காணப்பட்டது. நூடில்ஸ்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடியவே வயலுக்கும் கடலுக்கும் போகிற வீடுகளில் ஐந்து நிமிடச் சாப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். தூளில் பாதியை எறிந்துவிட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி முருங்கையிலையும் போடுங்கள்.

நாளைக்குப் பிள்ளைகளை வெறும் பக்கற்றுகள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதில் எழுதியிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். கணக்குப் பாடத்தில் அதைத்தான் செய்யப் போகிறோம்.